பனியன் துணிக் கூடாரம்

கட்டிங் மேசை மேல் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. மேசையின் ஒரு முனையில் என் கணவர். மறுமுனையில், துணியின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் கீர்த்தனா.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எனக்கென்று அங்கே எந்த வேலையும் இல்லை. கீர்த்தனாவின் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டை நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

“இழுங்கப்பா” என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

இருவரும் இழுத்தார்கள். துணி நீண்டது. இன்னும் இழுத்தார்கள், இன்னும் நீண்டது. பனியன் துணி அப்படித்தான், இழுத்த பக்கமெல்லாம் வரும். அவர் சிரித்துவிட்டு, விட்டுப் பிடிக்கச் சொன்னார். துணி சுருங்கித் தன் அளவுக்குத் திரும்பியது. மூன்று அகலத் துணி சேர்த்துக் கூடாரமாகத் தைத்தால் உள்ளே மூவர் படுக்கலாம், நடுவில் மட்டும் கொஞ்சம் தொங்கும் என்றார்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். குளிர்நாடுகளுக்குப் போகும் தடித்த துணியில், ஒரு லாட் முழுக்க எண்ணெய்க் கோடு விழுந்து ஒதுக்கப்பட்டிருந்தது. முதலாளியிடம் கேட்டு அதில் கொஞ்சம் வாங்கியிருந்தார். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். உள்பக்கம் பிரஷ் ஓட்டிப் பஞ்சை எழுப்பியிருப்பார்கள். கையை வைத்தால் பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்டது போலிருக்கும்.

தை மாதப் பனிக்கு இதைவிட நல்ல துணி கிடைக்காது என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கரடி தூங்கிய இடம்

கூடாரம் என்ற எண்ணம் எங்களுக்கு ஒரு சட்டையிலிருந்து வந்தது.

அந்த வருடங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் போட்டிருந்த சட்டைகளில் பாதி, கடல் கடந்து போயிருக்க வேண்டியவை. தையல் கோணியதென்றும் அளவு தவறியதென்றும் நின்றுபோனவை. பனியில் சறுக்கும் நாய், கம்பளித் தொப்பி போட்ட வாத்து, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் ஏதோ வாழ்த்து, எல்லாம் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சில் ஏறிக்கொண்டு வெயிலில் கோலி விளையாடும்.

கீர்த்தனாவின் சட்டையில் இரண்டு ஊசியிலை மரங்கள், நடுவில் முக்கோணமாக ஒரு துணி வீடு, அதிலிருந்து தலையை மட்டும் நீட்டும் ஒரு கரடி. ஒருநாள் சாப்பிடும்போது குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கரடி ஏனுங்கப்பா இதுக்குள்ள படுத்திருக்குது?”

வெளிநாட்டில் லீவு விட்டால் குடும்பத்தோடு காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ போய், இந்த மாதிரி துணியில் வீடு கட்டிக்கொண்டு தங்குவார்கள் என்று அவர் விளக்கினார். அவள் மறுபடியும் குனிந்து கரடியைப் பார்த்தாள்.

“அப்ப அவுங்களுக்கு லாட்ஜ் வாடகை இல்லீங்களா?”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு வருடமும் ஊட்டிக்குப் போவதாகப் பேச்சு எழும். ஒவ்வொரு வருடமும் ‘லாட்ஜ் வாடகை’ என்ற இடத்தில் வந்து அந்தப் பேச்சு படுத்துவிடும். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறாள், அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் கூடாரம் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் என் பழைய நூல்சேலையால் கட்டியது. துணி காயப்போடும் கம்பியில் சேலையைப் போட்டு, நான்கு முனையிலும் செங்கல் வைத்தோம். ஒரு மாலை முழுக்க மூவரும் அதற்குள் உட்கார்ந்து பொரி சாப்பிட்டோம். தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருக்கிறதா என்று நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்து வந்ததைத் தவிர, அது நல்ல மாலை.

ஒரு நிபந்தனை

என் கவலைக்குக் காரணம் இருந்தது. கீர்த்தனாவுக்கு மூன்று வயதிலிருந்தே வீசிங்.

திருப்பூரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது போல ஒரு மெல்லிய சீழ்க்கை. அது பெரிதாகும்போது குழந்தை பேசுவதை நிறுத்திவிடும். தோள்கள் மேலே ஏறும். கழுத்துக் குழி உள்ளே போய்வரும்.

பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். வேலம்பாளையத்தில் பஞ்சு இல்லாத இடத்துக்கு எங்கே போவது? மின்விசிறியின் இறக்கையில் அது இருந்தது, கொசுவலையில் இருந்தது, மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் செம்பருத்திச் செடியின் இலையில்கூட இருந்தது. என் கணவர் வேலை முடிந்து வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகுதான் மகளைத் தூக்குவார். அதுவரை அவள் வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருப்பாள்.

முடிந்தபோதெல்லாம் ஊருக்கு வெளியே அழைத்துப் போங்கள் என்றும் அதே டாக்டர் சொல்லியிருந்தார். குளிர்காற்றில் விடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் படித்தவள், ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. ஆனாலும் இந்த இரண்டு அறிவுரைகளையும் ஒரே குழந்தைக்கு எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அமராவதி ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, முதலில் முடியாது என்றேன். பிறகு, முடியாது என்று சொன்னது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் இருவரையும் வைத்துக்கொண்டு என் முடிவைச் சொன்னேன்.

“ஒரே ஒரு இருமல் வந்தாலும் அடுத்த பஸ்ஸுல திரும்பீரோணும். அப்புறம் இந்த ஊட்டுல கேம்ப்புங்கற பேச்சே இருக்கக்கூடாது.”

அவர் சரி என்றார். கீர்த்தனா வாயில் சோற்றோடு வேகமாகத் தலையாட்டினாள்.

நாத்தனாரின் சந்தேகம்

இதைக் கேள்விப்பட்ட என் நாத்தனார் காரிலேயே வந்து இறங்கிவிட்டார். அவர்களுடையது சொந்தக் கம்பெனி. வருடத்துக்கு ஒருமுறை ஊட்டி, ஒருமுறை கொடைக்கானல். என் கணவருக்கு மூத்தவர், அன்பானவர். அந்த அன்பைத் திட்டாமல் காட்டத் தெரியாதவர்.

“கேம்ப்புன்னா கண்ணாஸ்பத்திரிக்காரங்க பள்ளிக்கூடத்துல போடறது. நீ என்னடா புதுசா எதையோ சொல்லற” என்றார் தம்பியிடம்.

என் கணவர் கீர்த்தனாவின் சட்டையிலிருந்த கரடியைக் காட்டி விளக்கினார். நாத்தனார் கரடியை உற்றுப் பார்த்தார்.

“வருசம் முச்சூடும் பனியன் துணிக்குள்ளதான் கெடக்கற. லீவு உட்டாலும் அதுக்குள்ளயே போயிப் படுக்கோணுமா?”

எல்லோரும் சிரித்தோம். போகும்போது என்னைத் தனியே அழைத்து, பெண் குழந்தை, நெஞ்சுச் சளிக்காரி, யோசித்துச் செய் என்றார். அவருடைய மலைப்பயணத்துப் பிளாஸ்க் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ஏற்கெனவே போதுமான அளவுக்கு யோசித்துக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து கூடுதலாக யோசித்தேன்.

மூட்டை பஸ் ஏறியது

தைத்து முடித்த கூடாரத்தை அவர் இறுக்கமாகச் சுருட்டினார். வழித்தூசி படக்கூடாதென்று, துணி உருளை வரும் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை நானே கட்டினேன். எங்களுக்குத் தூசி என்றால் மெஷினடியில் குவிந்து கிடப்பது, ரோட்டில் பறப்பது. தைத்ததற்கப்புறம் யாரும் தொடாத புதுத் துணி அது.

தாராபுரம் பஸ்ஸில் அதை ஏற்றியதும், கம்பெனித் துணி மூட்டை என்று நினைத்துக் கண்டக்டர் வந்துவிட்டார்.

“ஏனுங்க, பீஸ் மூட்டைக்கு லக்கேஜ் போடோணுங்க.”

“பீஸ் இல்லீங்க. ஊடுங்க” என்றார் என் கணவர்.

“ஊடுங்களா?”

“துணி ஊடுங்க. ஆத்தங்கரைல கட்டிப் படுக்கறதுக்கு.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து அவரிடம் கேட்டார்: “சொந்தபந்தத்துல ஏதாச்சுங் மனத்தாங்கலுங்களா?”

லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. அவிநாசிபாளையத்தில் வண்டி நின்றபோது தன் காசில் கீர்த்தனாவுக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வீட்டை விட்டு வந்த குடும்பம் என்று கடைசி வரை நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. ஊர் பின்னால் போகப் போக, காற்றாலைகளும் பனைமரங்களும் வெறும் மேட்டு நிலங்களுமாக வெளி அகன்றது. நான் கீர்த்தனாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. மூச்சு லேசாகப் போய் வந்தது. கையை எடுக்கத்தான் மனம் வரவில்லை.

அமராவதிக் கரை

தாராபுரத்துக்குச் சற்று முன்னாலேயே இறங்கி மண்பாதையில் நடந்தோம். என் கணவரோடு வேலை செய்த ஒரு பெண்ணின் அண்ணன், ஆரோக்கியசாமி, ஆற்றோரமாகத் தென்னந்தோப்பு வைத்திருந்தார். வாசலில் பொங்கல் கோலம் இன்னும் அழியாமலிருந்தது. மோர் கொடுத்து, அறையைக் காட்டி, பாய் விரிக்கப் போனவரிடம் நாங்கள் மணலில் படுக்கப் போவதாகச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

“ஏனுங் மாஸ்டரே, நாங்க எதாச்சுங் கொறை வெச்சமுங்களா? இத்தாப்பெரிய ஊடு இருக்கறப்ப எதுக்குங்க மணல்ல?”

கரடிச் சட்டை மறுபடியும் உதவிக்கு வந்தது. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மூங்கில் கழிகளும் கயிறும் கொண்டுவந்து கொடுத்தார். இருட்டுவதற்குள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து திருப்பூருக்குப் போகும் பஸ் ஒன்று உண்டு, மனம் மாறினால் மேலே ரோட்டுக்கு வந்து கைகாட்டினால் நிற்கும் என்றும் சொன்னார். அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கூழாங்கற்களுக்கு மேலே தெளிந்து ஓடியது. கீர்த்தனா பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி, மீன்குஞ்சு காலைக் கடிக்கிறது என்று கத்தினாள். தண்ணீர் சில்லென்றிருக்குமே என்று நான் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.  என் கணவர் பக்கத்தில் வந்து, என் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழைத்துப் போனார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் வெட்டவெளியில் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

கூடாரம் எழுந்து நின்றது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று, எண்ணெய்க் கோடுகள் ஓட, வயிறு தொங்கிய ஒரு வீடு. கயிற்றை இழுத்துக் கட்டக் கட்ட, துணி நீண்டுகொண்டே வந்தது. ஆனாலும் வீடு மாதிரிதான் இருந்தது. கீர்த்தனா உள்ளே ஓடினாள். பூனைக்குட்டி வயிறு மாதிரியான பக்கத்தைக் கன்னத்தால் தேய்த்தாள், உருண்டாள், தலையை மட்டும் வெளியே நீட்டிக் கரடி மாதிரி உறுமினாள்.

நான் மூன்று கல் கூட்டி, காற்றின் போக்குப் பார்த்து, புகை அந்தப் பக்கம் போகாத இடத்தில் அரிசியும் பருப்பும் ஏற்றினேன். அவர் கயிறுகளோடு போராடிக்கொண்டிருந்தார். உள்ளே உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகித் தென்னைகளின் அடிமரத்தில் படிந்திருந்தது. இவ்வளவு எளிமையான ஒன்றுக்கா இத்தனை பயந்தோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

உறுமல் நின்றது

எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. நின்றுவிட்டது என்பதை மட்டும் திடீரென்று உணர்ந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கீர்த்தனா கூடாரத்தின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முழங்கால்மேல். வாயை இறுக மூடியிருந்தாள். தோள்கள் மேலே ஏறியிருந்தன. கழுத்துக் குழி உள்ளே போய்வந்தது.

“என்ன பண்ணுது கண்ணு?”

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இருமல் வந்துவிடும். இருமல் வந்தால் பஸ் ஏற வேண்டும். எவ்வளவு நேரமாக அடக்கிக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

அவளை வாரிக்கொண்டு ஆற்று மணலுக்கு வந்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். டாக்டர் கொடுத்திருந்த, மூச்சோடு இழுக்கும் மருந்துக் குழாயை முகத்தில் வைத்து அழுத்தி, முதுகை நீவிக்கொண்டே காத்திருந்தோம். அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

மெல்ல மெல்லத் தோள்கள் இறங்கின. சீழ்க்கை மெலிந்தது. “தண்ணி” என்றாள். நாத்தனாரின் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தேன்.

அவர் எழுந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

“சொன்னது சொன்னதுதான். பிரிச்சர்றேன். பஸ்ஸு வர்ற நேரந்தான்.”

போய்க் கயிறுகளை அவிழ்த்தார். மூங்கிலை உருவினார். கூடாரம் ஒரு பெருமூச்சு விட்டது போல அப்படியே கீழே அமர்ந்தது. அமர்ந்தபோது அதன் வாய் வழியாக உள்ளிருந்த காற்று வெளியேறியது. காற்றோடு சேர்ந்து வெள்ளையாக ஒரு மேகம் வந்தது. சாய்ந்த வெயிலில் அது ஒவ்வொரு இழையாக மின்னியது. கீழே இறங்காமல், அவருடைய இடுப்பளவு உயரத்தில் மிதந்துகொண்டே நின்றது.

பஞ்சு.

அவர் கையில் மூங்கிலோடு அசையாமல் நின்றார். நான் கீர்த்தனாவைப் பார்த்தேன். தலைமுடியில், புருவத்தில், கண்ணிமை மயிரில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. வேலம்பாளையத்திலிருந்து அவளைக் காப்பாற்றிக் கூட்டி வந்த நாங்கள், வேலம்பாளையத்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, காற்றுப் புகாமல் பத்திரமாகக் கூடவே கொண்டு வந்திருந்தோம்.

“ஏனுங்க, அதைத் தொடாதீங்க” என்றேன். “அங்கியே கெடக்கட்டும். ஆத்துல முழுகீட்டு வாங்க.”

அவர் போட்டிருந்த சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். நான் முந்தானையை நனைத்துக் கீர்த்தனாவின் முகத்தை, முடியை, கழுத்தைத் துடைத்தேன். கரடிச் சட்டையைக் கழற்றிவிட்டு மாற்றுச் சட்டை போட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது.

அதைக் கேட்டதும் கீர்த்தனா எழுந்து போய்த் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். வலது இடது மாறியிருந்தது. தன் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை.

என் மனம் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பஞ்சுதான் காரணமா, தண்ணீரில் ஆடியதா, இனி இறங்கப்போகும் பனியா? வீட்டுக்குப் போனால் தெருமுனையில் டாக்டர் இருக்கிறார். அந்தத் தெருவெல்லாம் பஞ்சும் இருக்கிறது. இங்கே ஆரோக்கியசாமி வீட்டில் வண்டி நிற்கிறது, தாராபுரம் ஆஸ்பத்திரி பக்கம்தான், அவர் வீட்டு அறையும் இருக்கிறது. எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும் விடை வரவில்லை. அவள் முதுகில் கையை வைத்தேன். மூச்சு போய்வந்தது. சத்தம் இல்லை.

ஆனால் வாயை இன்னும் இறுக மூடித்தான் வைத்திருந்தாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டுச் செருப்பைக் கழற்றினேன், முதலில் ஒன்று, பிறகு மற்றது.

“இன்னிக்குப் போகலீங்களாம்மா?”

“போகல.”

“இருமல் வந்துச்சுங்களே.”

“வந்தா எங்கிட்டச் சொல்லோணும். ஒளிச்சு வெச்சாத்தான் ஊட்டுக்குப் போவோம். சொன்னா இருப்போம்.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி கரையில் நின்று, தலையை மட்டும் ஆட்டினார்.

“இப்ப ஒண்ணு வருதுங்கம்மா” என்றாள் மெதுவாக. வாயைப் பொத்துவதற்குக் கை பாதி தூரம் போயிருந்தது.

“வரட்டும் கண்ணு. இருமு.”

கையை இறக்கினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒருமுறை இருமினாள். நான் நகரவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. அப்போதும் நகரவில்லை. மேலே ரோட்டில் பஸ் பாலத்தைக் கடந்து போகும் சத்தம் கேட்டது. அது முழுதும் போய் மறையும்வரை காத்திருந்தாள். பிறகு ஆற்றின் அக்கரையில் எதிரொலிக்கும்படி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு இருமல் இருமினாள்.

“அது சும்மா இருமுனதுங்க” என்றாள்.